ப்ரயோஜனவாதம்: பெந்தாமின் மூலமும் மில்லின் உரையும்

மேனாட்டு நீதிசாஸ்த்ரங்களுள் யூடிலிடேரியனிஸம் என வழங்கும் மதத்தைப் பற்றி நம் வித்வான்கள் பேசும்போது இரண்டு வகையான தீர்ப்புகளைக் கேட்கிறோம். சுகமே புருஷார்த்தம் என்று சொல்லுகிறவர்களாதலால் இவர்கள் சார்வாகர்களே, இவர்களோடு நமக்கு என்ன வாதம் என்று ஒதுக்கிவிடுவார் ஒரு சாரார். அனைவரும் நலமுற்றிருக்கவேண்டும் என்று நம் பெரியோர் மங்களம் பாடியதைத்தான் அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள் என்று உவந்து தழுவிக்கொள்ளுவார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் மூலத்தை வாசியாமல் எழுந்த தீர்ப்புகளே. பிறர் மதத்தை மறுக்கப் புகுந்தவன், அம்மதத்தவரே "ஆம், நாங்கள் சொல்லுவது இதுதான்" என்று ஒப்பும்படி முதலில் அதனை அனுவதித்துக் காட்டவேண்டும் என்பது நம் வாதமரபு. ஸ்ரீபாஷ்யத்தில் மஹாபூர்வபக்ஷம் அத்தனை விரிவாக அமைந்திருப்பதும் இம்மரபு பற்றியே. அந்த மரியாதையைப் பெந்தாமுக்கும் மில்லுக்கும் செலுத்திய பின்னரே குணதோஷங்களைப் பேசுவது முறையாகும்.

பெயர் பற்றி ஒரு சொல். 'பயன்பாட்டுவாதம்' என்று இக்காலத்தார் மொழிபெயர்ப்பதில் ஓர் இடறல் உண்டு. பயன்பாடு என்றவுடன் கருவியின் உபயோகம் நினைவுக்கு வருகிறதேயன்றிச் சுகம் நினைவுக்கு வருவதில்லை. இவர்களோ அச்சொல்லால் சுகத்தை விளைப்பதையும் துக்கத்தை விலக்குவதையுமே கருதுகிறார்கள். ப்ரயோஜனம் என்னும் நம் சொல், எதனை உத்தேசித்து ஒருவன் செயலில் இழிகிறானோ அதனைக் குறிப்பது. ஆதலால் ப்ரயோஜனவாதம் என்று இங்கே வழங்குவோம்.

இம்மதத்துக்கு மூலநூல் செய்தவர் லண்டனிற் பிறந்த ஜெரமி பெந்தாம் (1748–1832). நீதிக்கும் சட்டமியற்றலுக்கும் அடிப்படைகளைக் கூறும் அவருடைய பெருநூல் 1780இல் அச்சாகி, 1789இல் வெளியிடப்பட்டது. சுகமும் துக்கமும் ஆகிய இரண்டுமே மனிதனை ஆளுகின்றன. அவன் செய்வதும் அவற்றால், செய்யவேண்டுவதும் அவற்றால் என்பது உபக்ரமம். இதிலிருந்து அவர் எழுப்பும் மதத்துக்கு அங்கங்கள் நான்கு என்னலாம். ஒரு செயல் நல்லதா தீயதா என்பது அதன் விளைவைக் கொண்டே அறியப்படும்; செய்தவனுடைய பிறப்போ செயலின் பெயரோ அதற்கு அளவல்ல. விளைவிலும் கணக்கிற்கு வருவது சுகதுக்கங்களே. அக்கணக்கில் ஒருவன் ஒருவனாகவே எண்ணப்படுவான். அரசனுடைய சுகம் இரண்டாகவும் குடியானவனுடையது அரையாகவும் எண்ணப்படமாட்டாது. இவ்வாறு கூட்டிக் கழித்தபின் எச்செயலில் சுகம் மிகுமோ அதுவே செய்யத்தக்கது. மூன்றாவது அங்கத்தை வாக்கியமாக்கிப் பெந்தாமின் பெயரால் வழங்கியவர் மில்.

சுகத்தை அளப்பதற்குப் பெந்தாம் ஏழு அளவைகள் கூறினார்: தீவிரம், நீட்சி, நிச்சயம், அண்மை, மேலும் சுகத்தைப் பெறும் தன்மை, துக்கம் கலவாமை, எத்தனை பேரைச் சென்றடைகிறது என்னும் வ்யாப்தி. முதற்பதிப்பு வெளிவந்து சில காலத்துக்குப்பின் இவற்றை மாணவர் மனனம் செய்வதற்காக ஆறடிச் செய்யுளாகவும் கட்டி அடிக்குறிப்பில் சேர்த்தார். காரிகைகளை உருவிட்டு வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாகவும் நெருக்கமாகவும் தோன்றுகிறது.

சார்வாகன் என்னும் குற்றச்சாட்டு இந்த ஏழாவது அளவையில் முட்டி நின்றுவிடுகிறது. முதல் ஆறும் ஒருவன் தன் சுகத்தைத் தான் அளப்பதற்குப் போதும். அவ்வளவோடு நின்றால் சார்வாகனே. வ்யாப்தி சேர்ந்தவுடன் தன் சுகம் பல சுகங்களுள் ஒன்றாகிவிடுகிறது. தன் நெய்க்காகப் பிறனிடம் கடன் வாங்கித் திருப்பிக் கொடாதவனைப் பெந்தாமின் கணக்கு மன்னியாது. கடன் கொடுத்தவனுடைய துக்கமும் அக்கணக்கில் ஏறிவிடுகிறது. இன்னும், அந்நூலின் 17ஆம் அத்யாயத்து அடிக்குறிப்பில், மிருகங்களுக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேளாதீர்கள், வருந்தும் தன்மை உண்டா என்று கேளுங்கள் என்னும் கருத்துப்பட எழுதியிருக்கிறார். சார்வாகன் இப்படி ஓர் அடிக்குறிப்பு எழுதியிருக்கமாட்டான்.

மற்றொரு சாராருக்கும் ஒன்று சொல்லவேண்டும். மிகப் பலருடைய மிகப் பெரிய சுகம் என்னும் புகழ்பெற்ற தொடர் பெந்தாம் படைத்தது அன்று. 1725இலேயே ஃப்ரான்ஸிஸ் ஹட்செஸன் என்பவர் அதற்கு ஒத்த தொடரை ஆண்டிருக்கிறார். பெந்தாம் 1776இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்தாண்டு, முதுமையில் 'மிகப் பலருடைய' என்பதை விட்டுவிட்டார். 4001 பேர் உள்ள ஒரு ஸமூகத்தில் எல்லாரும் சமமாகச் சுகம் பெற்றிருக்க, 2000 பேருடைய பங்கைப் பிடுங்கி 2001 பேருக்குக் கொடுத்தால் மொத்தச் சுகம் வளராது, மிகவும் குறையும் என்று கணக்கிட்டு அவர் இதனை விளக்கினார். பெரும்பான்மை என்ற சொல்லே போதும் என்று இன்றும் மேடைகளில் இத்தொடரை முழங்குகிறவர்கள், அதனைக் கையாண்டவரே திருத்திக்கொண்டதை அறியார். ஆனால் இத்திருத்தம் எதனைக் காப்பாற்றுகிறது என்றும் பார்க்கவேண்டும். பிடுங்கியது தவறு, ஏனெனில் மொத்தம் குறைந்தது என்கிறார், மொத்தம் குறையாதிருந்தால்? அந்த 2000 பேருக்கு அப்பொழுது சொல்லத்தக்க விடை மூலநூலில் இல்லை. நம்முடைய மங்கள வாழ்த்தில் 'அனைவரும்' என்பது ஒவ்வொருவரையும் தனித்தனியே சுட்டுவது. அது கூட்டுத்தொகை அன்று. இரண்டையும் ஒன்றென்று மயங்கலாகாது.

இனி உரைகாரர். ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873) பெந்தாமின் நண்பரான ஜேம்ஸ் மில்லின் மூத்த மகன். பள்ளிக்கூடம் சென்றவரல்லர், தகப்பனாரே ஆசிரியர், மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் தொடங்கினார். வீட்டுத் திண்ணையில் தகப்பனாரிடம் பாடம் கேட்டு வளர்ந்த நம்மனோர்க்கு இவருடைய ஸ்வசரிதம் வாசிக்கத் தகுந்த நூல். அவ்வகைக் கல்வியின் பலமும் கடுமையும் அதில் தெரிகின்றன. இருபது வயதில், தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் நிறைவேறிவிட்டால் தமக்குச் சுகம் உண்டாகுமா என்று தம்மையே கேட்டு, இல்லை என்ற விடை எழவே, நெடுநாள் மனம் கலங்கியிருந்ததையும் அதில் எழுதியிருக்கிறார். ஸம்ப்ரதாயத்தில் பிறந்து ஸம்ப்ரதாயத்தை ஐயுற்று, பின்னும் அதனை விடாமல் உரை செய்தவர் என்று அவரைக் கொள்ளவேண்டும். ப்ரயோஜனவாதத்தைப் பற்றிய அவருடைய சிறு நூல் 1861இல் ஃப்ரேஸர்ஸ் மேகஸீன் என்னும் பத்திரிகையில் மூன்று இதழ்களில் வெளிவந்து 1863இல் புத்தகமாயிற்று. அத்யாயங்கள் ஐந்து.

உரைகாரனுக்கு மூலவிரோதம் கூடாது என்பது நாம் அறிந்த விதி. இரண்டாம் அத்யாயத்தில் மில் இவ்விதியை மீறுகிறார் என்பது அடியேனுடைய முடிவு. சிறுவர் குண்டூசி கொண்டு ஆடும் ஒரு விளையாட்டும் காவ்யமும் தரும் சுகம் அளவில் ஒத்திருந்தால் இரண்டும் ஒன்றே என்பது பெந்தாமின் துணிவு. இதனைக் கேட்ட எதிரிகள், இது பன்றிகளுக்கான நீதி என்று ஏசினார்கள். மில் அவ்வேச்சுக்கு அஞ்சி, சுகங்களில் அளவால் மட்டுமன்றித் தரத்தாலும் ஏற்றத்தாழ்வு உண்டு. நிறைவுற்ற பன்றியாயிருப்பதினும் நிறைவுறாத மனிதனாயிருத்தல் மேல் என்றார். கேட்பதற்கு இனிய ஸமாதானந்தான். ஆனால் உயர்ந்த சுகம் என்பதை உயர்ந்ததாக்குவது எது? சுகத்தின் மிகுதியே என்றால் தரம் என்பது அளவே, வேறொன்று சொல்லவில்லை. சுகத்தின் வேறான மேன்மை என்றால், சுகம் ஒன்றே அளவை என்ற ப்ரதிஜ்ஞை போயிற்று. இருபுறமும் சுருக்குள்ள கயிறு இது. பெந்தாமின் மூலம் முரட்டுத்தனமானது, ஆயினும் தன்னோடு தான் முரண்படாதது. மில்லின் உரை நயமானது, மூலத்தோடு முரண்பட்டது.

தரத்தை யார் அறிவார் என்ற கேள்விக்கு மில் கூறும் விடை கூர்மையானது. இரண்டு சுகங்களையும் அனுபவித்தறிந்தவர்களே மத்யஸ்தர்கள். பன்றிக்குத் தன் பக்கம் மட்டுமே தெரியும், மனிதனுக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்கிறார். இவ்விடத்தில் வேதார்த்தஸங்க்ரஹத்தின் இறுதிப் பகுதியை நம் வாசகர்கள் நினைக்காமலிரார். பாரதந்த்ர்யம் துக்கமன்றோ என்னும் ஆக்ஷேபத்துக்கு விடை சொல்லுகையில், சிங்கம், புலி, பன்றி, மனிதன், யக்ஷன் முதலானோர் தத்தம்மை எதுவாக அபிமானிக்கிறார்களோ அதற்கேற்பவே அவர்களுக்குச் சுகம் அமைகிறது என்றும், அச்சுகங்கள் ஒன்றற்கொன்று விருத்தமானவை என்றும் ஸ்ரீபாஷ்யகாரர் நிரூபிக்கிறார். பன்றி இரண்டு நூல்களிலும் வந்திருப்பது தற்செயல். ஆனால் அங்கே கண்ட நியாயம் மில்லின் மத்யஸ்தர்களுக்கும் பொருந்தும். மத்யஸ்தனும் தன்னை ஒன்றாக அபிமானித்துக்கொண்டே ருசி பார்க்கிறான். காவ்யமே மேல் என்று அவன் சொல்லும்போது காவ்யத்தைப் பற்றி எவ்வளவு சொல்லுகிறானோ, தன்னை இன்னான் என்று எண்ணுவதைப் பற்றியும் அவ்வளவு சொல்லுகிறான். மில்லும் இதனை உணராதவரல்லர். தாழ்ந்த சுகத்துக்கு மனிதன் ஏன் இறங்கமாட்டான் என்று ஆராய்ந்து, கௌரவ உணர்ச்சி என்று அதற்குப் பெயரிடுகிறார். கௌரவ உணர்ச்சியாவது தான் இன்னான் என்னும் ஜ்ஞானமன்றி வேறென்ன? ஸ்வரூபத்தைத் தெரிந்தாலொழியப் புருஷார்த்தத்தைத் தெரியமுடியாது என்ற வாசல்வரை வந்து, கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார்.

நான்காம் அத்யாயம் ப்ரமாணம் கூறுவது. அதிகமாக அடிபட்டதும் அதுவே. ஒரு பொருள் காணத்தக்கது என்பதற்கு மக்கள் அதனைக் காண்கிறார்கள் என்பதே சான்று. கேட்கத்தக்கது என்பதற்குக் கேட்கிறார்கள் என்பதே சான்று. அதுபோல விரும்பத்தக்கது என்பதற்கு மக்கள் விரும்புகிறார்கள் என்பதே சான்று என்பது அவருடைய வாதம். ஆங்கிலத்தில் இம்மூன்று சொற்களுக்கும் விகுதி ஒன்றே. தமிழில் எழுதப் புகுந்தவுடன் பிழை வெளிப்பட்டுவிடுகிறது. கண்ணுக்குப் புலனாவது என்ற பொருளில் நாம் சொல்லவேண்டுவது 'காணக்கூடியது' என்பதே. அடியேன் மேலே வேண்டுமென்றே 'காணத்தக்கது' என்று எழுதினேன். விரும்பக்கூடியது வேறு, விரும்பத்தக்கது வேறு. வடமொழியில் கிருத்ய ப்ரத்யயங்கள் இரண்டு பொருளையும் தாங்கும். ஆயினும் பாணினி மூன்றாம் அத்யாயத்தில் தகுதிப்பொருளை ஒரு ஸூத்ரத்தாலும் இயலுதற்பொருளை வேறொரு ஸூத்ரத்தாலும் பிரித்தே விதிக்கிறார். ஒரே ப்ரத்யயம் என்பதால் ஒரே பொருள் என்று வ்யாகரணம் வாசித்த மாணவன் மயங்கமாட்டான். மில் இயலுதலில் தொடங்கித் தகுதியில் முடிக்கிறார். 1903இல் ஜி. இ. மூர் என்பவர் கேம்பிரிட்ஜிலிருந்து இக்குற்றத்தை எடுத்துக்காட்டியது முதல் இது மாணவர் பாடமாகிவிட்டது.

மில்லின் பக்கத்தில் நின்று ஒன்று சொல்லலாம். இறுதிப் புருஷார்த்தத்துக்கு நேரான ஸாதகம் கிடையாது என்பதை முதல் அத்யாயத்திலேயே அவர் ஒப்புகிறார். ஆகவே விருப்பம் என்பது அறிவிக்கும் அடையாளம் மட்டுமே, தகுதியை உண்டாக்கும் காரணம் அன்று என்று அவரைத் திருத்தி வாசிப்பவர் உண்டு. ஜ்ஞாபகஹேது என்றே வைத்துக்கொள்வோம். நோயாளி அபத்யத்தைத்தான் விரும்புகிறான். தோஷமுள்ள கரணம் காட்டியதை ப்ரமாணம் என்று கொள்ளுவதற்கு முன், தோஷமில்லாத விருப்பம் எது என்று பிரிக்க வேறோர் அளவை வேண்டும். அந்த அளவையை நூலில் தேடினால் மறுபடி அந்த மத்யஸ்தர்களிடமே வந்து சேருகிறோம்.

அடுத்த படி இன்னும் பலவீனமானது. ஒவ்வொருவனுடைய சுகமும் அவனவனுக்கு நன்மை. ஆதலால் பொதுச்சுகம் ஸமுதாயத்துக்கு நன்மை என்கிறார். ததீயாராதனத்தில் அமர்ந்த நூறு பேருக்கும் நூறு வயிறு உண்டு. கோஷ்டி என்பதற்குத் தனியே வயிறு கிடையாது. நூறு பேரும் தத்தம் பசிக்கு உண்டார்கள் என்பதிலிருந்து ஒவ்வொருவனும் மற்றத் தொண்ணூற்றொன்பது பேருடைய பசியைத் தீர்க்கக் கடமைப்பட்டவன் என்று எப்படி வரும்? 1868இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மில் தம் வாக்கியத்துக்குத் தாமே உரை செய்தார்: ஒவ்வொருவனுடைய சுகமும் மற்ற ஒவ்வொருவனுக்கும் நன்மை என்று தாம் சொல்லவில்லை, தனித்தனி நன்மைகளின் கூட்டுத்தொகை நன்மையாயிருக்கும் என்பதே கருத்து என்றார். கூட்டுத்தொகை நன்மையாகவே இருக்கட்டும்; அதற்காக நான் ஏன் என் பங்கை விடவேண்டும் என்பதற்கு அக்கடிதத்திலும் விடையில்லை. இவ்விடைவெளியை நேர்மையாகக் கண்டவர் ஹென்றி ஸிட்ஜ்விக். 1874இல் வெளிவந்த அவருடைய நீதிமுறைகள் பற்றிய நூல், உலகனைத்தையும் நோக்கும் பார்வையில் ஒருவனுடைய நன்மை மற்றொருவனுடையதினும் பெரிதன்று என்பதை நேரே தோன்றும் அறிவாக வைத்தது. தன் நலமும் பொதுநலமும் முரணும்போது பகுத்தறிவு இரண்டையும் ஏவுகிறது, அம்முரணை உலக அனுபவத்தைக்கொண்டு தீர்க்க இயலவில்லை என்று ஒப்பியும் விட்டது. மூவருள் மிகப் பொறுமையாக வாசிக்கவேண்டியவர் இவரே. மிகக் கடினமாக எழுதியவரும் இவரே.

ஒவ்வொரு செயலுக்கும் இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க நேரமேது என்ற ஆக்ஷேபத்துக்கு மில் தரும் விடையில் குறையில்லை. மாலுமிகள் கடலுக்குப் போகும்போது வானநூற் கணக்கை முன்பே போட்டு அச்சிட்ட பஞ்சாங்கத்தைக் கொண்டுபோகிறார்கள். அதுபோல மனித இனம் தன் நீண்ட அனுபவத்தால் பொய், களவு முதலானவை பற்றிய விதிகளை முன்பே கணித்து வைத்திருக்கிறது என்கிறார். உத்ஸர்கமும் அபவாதமும் பயின்ற நமக்கு இதில் புதுமையில்லை. நீதியைப் பற்றிய ஐந்தாம் அத்யாயமே நூலில் மிகச் சிறந்தது. ஒருவனுக்கு உரிமை உண்டு என்றால் அவனைக் காப்பது ஸமூகத்தின் கடமை என்பது பொருள். ஏன் காக்கவேண்டும் என்றால், அச்சமின்றி வாழ்தல் என்பது மற்ற எல்லாச் சுகங்களுக்கும் ஆதாரமாதலால் என்று நிறுவுகிறார். மேலே பெந்தாமிடம் விடை கிடைக்காத அந்த 2000 பேருக்கு ஓரளவு விடை இங்கே கிடைக்கிறது.

இத்தனையும் லண்டன் நூலகத்தோடு நின்றிருந்தால் நம் பத்திரிகையில் இவ்வளவு இடம் கொடுக்க வேண்டியதில்லை. தகப்பன், மகன் இருவரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உத்யோகம் பார்த்து, இந்தியாவுக்கு அனுப்பும் ஆணைக்கடிதங்களை வரைந்தவர்கள். ஜேம்ஸ் மில் 1819 முதல், மகன் 1823 முதல் 1858 வரை. கல்கத்தாவில் ஸம்ஸ்க்ருத கல்லூரி தொடங்கிய 1824ஆம் ஆண்டிலேயே, பிப்ரவரி 18ஆம் தேதியிட்டு ஒரு கடிதம் புறப்பட்டது. வரைந்தவர் ஜேம்ஸ் மில். கற்பிக்கவேண்டியது ஹிந்துக் கல்வியன்று, பயனுள்ள கல்வியே என்பது அதன் ஸாரம். ப்ரயோஜனம் என்னும் சொல் நம் பாடசாலைகளின் மேல் அளவுகோலாக வந்து விழுந்தது அப்பொழுதுதான். 1835இல் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். அது யாவரும் அறிந்தது. யாவரும் அறியாதது அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. மெக்காலேயின் முடிவைக் கண்டித்து ஜான் மில் ஓர் ஆணைக்கடிதம் வரைந்தார். ஆங்கிலம் கற்போர் என்றும் சிலரே. புதிய அறிவு மக்களைச் சேரவேண்டுமானால் தேசபாஷைகளில் நூல்கள் எழவேண்டும். அவற்றை எழுப்ப வல்லவர்கள் பழைய கல்வியில் தேர்ந்த வித்வான்களே. அவர்களைப் புறக்கணித்து ஆதரவை நிறுத்துவது கேடு என்பது அவர் வாதம். அவரும் ஸம்ஸ்க்ருதத்தை அதன் பொருட்டே மதித்தவரல்லர், கருவியாகவே மதித்தார். 1859இல் ஸ்வாதந்த்ர்யத்தைப் பற்றி எழுதிய நூலில் நம்மைப் போன்றவர்களைச் சுதந்திரத்துக்கு இன்னும் பக்குவப்படாதவர்களோடு வைத்தவரும் அவரே. எனினும் ஒரே அளவுகோலை ஒரே அலுவலகத்தில் பிடித்து, பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், தகப்பன் பயனில்லை என்றதை மகன் பயனுண்டு என்றார்.

அளவுகோல் ஒன்றாயிருக்க முடிவு ஏன் இரண்டாயிற்று? மில்லின் மத்யஸ்த நியாயத்தையே இங்கே பிரயோகித்துப் பார்க்கலாம். இரண்டையும் அறிந்தவனே தீர்ப்புக்கு உரியவன். ஜேம்ஸ் மில் இந்தியாவுக்கு வந்ததில்லை, இந்நாட்டு மொழி ஒன்றும் கற்றதில்லை. தம்முடைய இந்திய சரித்திரத்தின் முன்னுரையில் அதனை ஒரு தகுதியாகவே வாதித்திருக்கிறார். மெக்காலே தமக்கு ஸம்ஸ்க்ருதமோ அரபியோ தெரியாது என்று தம் குறிப்பிலேயே ஒப்பினார். மகனுடைய நூலின்படி தகப்பன் மத்யஸ்தனாக அமர முடியாது, மெக்காலேயும் முடியாது. தத்துவமாக ஆராய்ந்தால் நிற்காத அந்த நியாயம், வ்யவஹாரத்தில் இந்நூல் தரும் ஆயுதங்களுள் மிகக் கூரியது. பெந்தாமின் ஓர் ஏட்டையும் புரட்டாமல் சார்வாகன் என்று முடித்துவிடும் நம் வித்வான்களின் மேலும் அது பாயும்.

1836இல் ஜான் மில் எழுதிய அந்த வரைவை, கம்பெனியை மேற்பார்த்த போர்டின் தலைவராயிருந்த ஹாப்ஹவுஸ் ஏற்கவில்லை. அது இந்தியாவுக்கு அனுப்பப்படாமலே நின்றுவிட்டது. 1839இல் கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபு தம் குறிப்பால் கீழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஓரளவு நிதியைத் திரும்ப ஒதுக்கினார். ஸம்ஸ்க்ருத கல்லூரியும் பிழைத்தது.